கான்பூர் போகாத அப்பாவும் பர்மா உளுந்தும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் துவாரகா வீட்டில் நீ ஒரு விஷயம் சொன்னாய், நான் ஒரு யோசனை சொன்னேன், நீ தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் எழுந்து மெட்ரோ பிடித்துக் கிட்வாய் நகரில் உன் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாய். நடந்தது இவ்வளவுதான். நீ சொன்ன விஷயம்: வெளியுறவு வேலையில் உனக்குப் பர்மிய மொழி ஒதுக்கிவிட்டார்கள், ரங்கூன் தூதரகத்துக்குப் போகிறாய். உன் அப்பா பர்மாவிலிருந்து உளுந்து இறக்குமதி செய்கிற ஆள் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒன்று நான் அந்த வியாபாரத்தை விட வேண்டும், இல்லை நீ அந்த ஊரை விட வேண்டும். நான் சொன்ன யோசனை: "இதுக்குப் போயி மண்டையப் போட்டு உடைக்காத பாப்பா. பர்மா கணக்கை மாமா பேருக்கு மாத்திடுவோம்." நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "பேரை மாத்தினா உளுந்து மாறிடுமாப்பா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாய்.

இந்தக் கடிதத்தை நம் சொசைட்டி பொங்கல் மலருக்கும் கொடுக்கிறேன். கையால் எழுதிய பிரதி உனக்கு முன்னாலேயே வந்துவிடும். வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா கேட்கிறாள். நான் செய்த தப்பு எல்லாமே மறைவில் செய்தது, அதனால் திருத்துவதையாவது நாலு பேர் பார்க்கச் செய்கிறேன் என்றேன். "அப்பவும் உங்களுக்கு நாலு பேர் பாக்கணும்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புசா ரோடு பள்ளியில் உன்னைத் தமிழ் படிக்கப் போட்டதற்கு இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் பலன், இதை நீ எழுத்துக்கூட்டாமல் படிக்கலாம்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏன் கோபம் வந்தது என்று சொல்கிறேன். வியாபாரம் போகிறதே என்பது பாதிதான். நீ பர்மாவைக் கேட்டு வாங்கினாய் என்பதுதான் மீதிப் பாதி. பெரிய தலைநகரம் எதையாவது கேட்கிற அளவுக்கு உனக்கு மதிப்பெண் இருந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து சாணக்கியபுரிக்குக் கூட்டிப் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த அகலமான ரோட்டில் ஒவ்வொரு தூதரகமாகக் காட்டி, இது இந்த நாட்டு வீடு, இது அந்த நாட்டு வீடு, கொடியைப் பார், மதில் சுவரைப் பார் என்று சொல்லிக்கொண்டே போவேன். எந்தச் சுவர் உயரமோ அந்த நாடு பெரியது என்பது என் கணிப்பு. விருதுநகரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, நயா பஜாரில் ஒரு மார்வாடி கமிஷன் மண்டியில் மூட்டைக்கு மேல் படுத்துத் தூங்கினவனுக்கு உயரமான சுவர் என்றாலே மரியாதைதான். ஆனால் பர்மாவின் வீடு அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று நான் உனக்குக் காட்டினதே இல்லை. எனக்கே தெரியாது. அந்த ஊர் உளுந்தில் வந்த லாபத்தில்தான் உன் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினேன், இந்த ஃப்ளாட் வாங்கினேன். அதன் வாசலை மட்டும் ஒரு நாளும் தேடினதில்லை.

தீபாவளி லீவுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் நீ எனக்கு ஒரு பாடம் நடத்தினாய். தண்ணீர்த் தம்ளரை நடுவில் வைத்து, "இது டெல்லி" என்றாய். சுற்றிலும் இட்லிகளை வைத்து, "இதெல்லாம் பக்கத்து நாடுங்க, முதல் வட்டம். இதைத் தாண்டி கடல். அந்தப் பக்கம் வளைகுடா, இந்தப் பக்கம் மலாக்கா வரைக்கும், ரெண்டாவது வட்டம். அதுக்கும் வெளிய பெரிய பெரிய வல்லரசுங்க." காரச் சட்னிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து எல்லா வட்டத்தையும் இடிக்கிற மாதிரி வடக்கே வைத்தாய். "இது யாருன்னு சொல்ல வேண்டாமே?" நான் கேட்டேன், "அப்ப சாம்பார்?" "சாம்பார் பெட்ரோல்பா. அது எங்க இருக்கோ அங்க நாமதான் போகணும்." உன் அம்மா வந்து, "அச்சா, உலகத்தை ஆண்டது போதும், ஆறுறதுக்கு முன்னாடி சாப்பிடுங்க" என்று முதல் வட்டத்தில் இரண்டு நாட்டை எடுத்து உன் தட்டில் போட்டாள்.

அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். எழுதி வைத்த வரிசை சரி, நேற்று எந்த ஊரிலிருந்து போன் வந்தபோது உன் மேலதிகாரி எழுந்து நின்று எடுத்தார்? நீ சிரித்துவிட்டு, "முதல் வட்டம்னு எழுதுறது சுலபம்பா. அங்க போக யாரு கையைத் தூக்குறாங்கங்கிறதுதான் கஷ்டம்" என்றாய். எங்கள் பஜாரிலும் இதே கதைதான். எல்லா மண்டியிலும் 'சில்லறை வாடிக்கையாளரே முதல்' என்று சாமி படத்துக்குக் கீழே எழுதிப் போட்டிருப்போம். கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு போன் அடிக்கும். ஒன்று ஐந்து நட்சத்திர ஹோட்டல்காரன், மற்றொன்று இட்லி வண்டிக்காரன். எதை எடுக்கிறானோ அதுதான் அவன் முன்னுரிமை, போர்டில் இருப்பது இல்லை. நான் இருபது வருஷம் ஹோட்டல்காரன் போனைத்தான் எடுத்தேன். அவன் மூன்று மாசம் கழித்துப் பணம் தந்தான், ஒரு நாள் சொல்லாமல் வேறு கடைக்குப் போனான். தினமும் வந்து ஐந்து கிலோ வாங்கின வண்டிக்காரர்கள்தான் என்னை நிற்க வைத்தார்கள். நாடு அவ்வளவு சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் தவறு ஒரே மாதிரிதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்தில் இருக்கிற பெரியவன் நம்மை மதிக்கிறானா என்ற கவலையிலேயே பொழுது போய்விடும், பக்கத்தில் இருக்கிறவன் எங்கே போய்விடுவான் என்று விட்டுவிடுவோம். அவன் எங்கேயும் போக மாட்டான்தான். ஆனால் அவனுக்கு வடக்கேயும் ஒரு கதவு இருக்கிறது.

இப்போது கான்பூர் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் இத்தனை வருஷமாக வாயைத் திறக்காத விஷயம். அப்போது நீ பதினோராம் வகுப்பு. ரங்கூனில் எனக்கு உளுந்து வாங்கிக் கொடுக்கும் தரகர் ரஹ்மான் பாயிடம் ஒரு பெரிய சரக்குக்குப் பேசி வைத்திருந்தேன். எழுத்து கிடையாது. அவரும் தமிழ்க்காரர், மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற குடும்பம், எங்களுக்குள் வாய்ப்பேச்சுதான். அவர் என் பேச்சை நம்பி விவசாயிகளிடம் வாங்கிக் கிடங்கை நிரப்பிவிட்டார். ஒரு சாயங்காலம் டிவியில் செய்தி: வெளிநாட்டுப் பருப்பு இவ்வளவுதான் வரலாம் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அதைப் போட்டவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் விவசாயிக்கு விலை விழுந்து கிடந்தது, அவனைப் பார்க்காமல் அரசாங்கம் வேறு யாரைப் பார்க்கும்? ஆனால் செய்தி முடிவதற்குள் மேஜையில் இருந்த என் போன் அடித்தது. ரஹ்மான் பாய். நான் உன்னிடம் தள்ளினேன். "அப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லு."

நீ எடுத்தாய். "எந்த ஊருக்குப் பாப்பா போயிருக்காரு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் மெதுவாக "கான்பூர்" என்றேன். "கான்பூர்" என்றாய். "போனை எடுத்துக்கிட்டுப் போகலையா?" "மறந்துட்டுப் போயிட்டார், அங்கிள்." அதற்குப் பிறகு அவர் உன் படிப்பைப் பற்றிக் கேட்டார், நீ பதில் சொன்னாய், நல்லா படிம்மா என்று சொல்லிவிட்டு வைத்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன வேகமா சமாளிக்கிறா, என் பிள்ளை இல்லையா என்று நினைத்தேன். நீ போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பரீட்சை நேரம், படிக்கிறாய் என்று நினைத்தேன்.

பேசின சரக்கை நான் எடுக்கவில்லை. வரம்பு என்னைக் காப்பாற்றியது, சட்டமே வேண்டாம் என்கிறது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தேன். நட்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ரஹ்மான் பாய் தன் அரவை மில்லை விற்றுத்தான் விவசாயிகளுக்குக் கொடுத்தார் என்பது வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அடுத்த போகத்தில் அங்கே பாதிப் பேர் உளுந்து விதைக்கவில்லை. வடக்கிலிருந்து வந்தவன் கேட்ட பயிரைப் போட்டார்கள். அப்புறம் நம் ஊரில் மழை ஏமாற்றி, வரம்பைத் தளர்த்தி, உளுந்து எங்கே உளுந்து எங்கே என்று நாம் ஓடினபோது அவர்கள் நிதானமாக விலை பேசினார்கள். அந்த வருஷம் கரோல் பாக்கில் இட்லி சின்னதாகிப் போனது என்று எல்லோரும் கடைக்காரனைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

நீ ஏன் பர்மாவைக் கேட்டாய் என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை எனக்கு உறைக்கவில்லை. உன் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு உன் அம்மா என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயம் வேறு. அங்கே சண்டை நடக்கிறது, பாதி நேரம் கரண்ட் இல்லை, அங்கே போய் ஒரு பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்று அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அன்னிக்கு அந்தப் பாய்கிட்ட பொய் சொல்ல வச்சீங்களே. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல. இன்னிக்கும் சாப்பிடல. ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு எத்தனை தடவைதான் பட்டினி போடுவீங்க?" உன் பதினாறு வயதில் நான் சாத்தச் சொன்ன கதவுக்கு முன்னால் நீயே போய் நிற்கிறாய் என்பது அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, இரண்டு கடை தள்ளி இருக்கும் குப்தாஜியிடம் போனேன். முப்பது வருஷமாக என் வாடிக்கையை இழுக்கப் பார்க்கிறவர். பர்மா உளுந்தை விடுகிறேன், வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பாகல் ஹோ கயே க்யா, அண்ணா?" என்று டீயைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் பைத்தியம்தான் என்று பஜாரில் மதியத்துக்குள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார். எதற்கு என்று கேட்டார், மகளுக்கு என்றேன். "என் மகன் கனடாவில் இருக்கிறான். அவனுக்காக நான் எதையும் விட வேண்டி வரவில்லை, அவனும் கேட்கவில்லை" என்றார் இந்தியில். அவர் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் கடைக்கு வந்து ரஹ்மான் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், பர்மா உளுந்தை நான் விடுறேன்."

"ஏன் அண்ணாச்சி, சக்கரை ஏறிடுச்சா? டாக்டர் இட்லியை நிறுத்திட்டாரா?"

"எம் பொண்ணு உங்க ஊருக்கு வேலைக்கு வருது. தூதரகத்துக்கு."

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார், "எந்தப் பொண்ணு? கான்பூர் பொண்ணா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப் புள்ள கான்பூர்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு, அண்ணாச்சி. உங்க குரல் சின்னக் குரலா?"

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் என்கூட வியாபாரம் பண்ணீங்க?"

"வேற என்ன பண்றது? நீங்க பெரிய ஊரு. பெரிய ஊருக்காரன் பொய் சொன்னா, சின்ன ஊருக்காரன் லைன் சரியில்லைன்னு சொல்லிட்டு வைக்கணும். நாளைக்கும் அரிசி வாங்கணுமே." சிரித்தார். "ஆனா அந்தப் புள்ள பொய் சொல்றப்ப தொண்டை அடைச்சிச்சு. பாவம்னு நினைச்சுத்தான் படிப்பைப் பத்திக் கேட்டேன். உங்க ஊர்ல எங்களுக்குன்னு யாராச்சும் தொண்டை அடைக்க ஒரு ஆள் இருக்குதேன்னு அன்னிக்குத் தோணுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். மில்லுக்கு ஈடாக ஏதாவது செய்கிறேன் என்றேன். அதற்கு அவர் பேச்சை மாற்றி, ரங்கூனில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் அப்பன் என்றால் சொல்லாமல் விட மாட்டான். நாளைக்கு நீ ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த ஊருக்கு என்ன செய்வது என்று குறிப்பு எழுதுவாய். நம் ஊர் விவசாயிக்காகக் கதவைச் சாத்த வேண்டிய நாளும் வரும், சாத்து, அது உன் கடமை. ஆனால் அவர்கள் விதைப்பதற்கு முன்னால் சொல்லு. விதைக்கும் முன் சொன்னால் அது கொள்கை, அறுத்த பின் சொன்னால் அது அடி. ஒரு போகம் முன்னால் சொல்வதற்கு டெல்லிக்கு ஒரு காசும் செலவில்லை. பக்கத்து ஊரே முதல் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதை அவர்கள் அந்த ஒரு போகத்தை வைத்துத்தான் அளப்பார்கள். இன்னொன்று. அங்கே ஆட்சி என்கிற கடைச் சாவி இப்போது யார் இடுப்பில் இருக்கிறதோ அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும், எனக்குப் புரிகிறது. வியாபாரியும் அதைத்தான் செய்வான். ஆனால் ஒரு மூட்டையை மேலே மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் உருப்பட மாட்டான். பக்கவாட்டில் குத்தூசியை விட்டு நடுவிலிருந்து நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். சாவி வைத்திருப்பவரின் ஹாலில் டீ குடித்துவிட்டு, சந்தைக்கும் போ. பேச அவர்கள் மொழி உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இத்தனை வருஷத்தில் எண்களும் 'நல்ல சரக்கா' என்பதும்தான் தெரியும்.

தூரத்துப் பெரிய தலைநகரம் எதுவும் உனக்குக் கிடைக்கவில்லையே என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கிடைத்ததை நீதான் கேட்டு வாங்கினாய். நேற்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாணக்கியபுரி போனேன். வாட்ச்மேனிடம் வழி கேட்டுப் பர்மாவின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்க்க மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதத்துக்காக, பேசி முடித்தவற்றை இங்கே எழுதுகிறேன். கடலில் இருக்கிற சரக்கு வந்து இறங்கியதும் என் பர்மா வியாபாரம் முடிந்தது. மாமா பேரிலும் கிடையாது, அம்மா பேரிலும் கிடையாது, கமிஷனும் கிடையாது. குப்தாஜி எடுத்துக்கொள்கிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு: பேசின சரக்கை வரம்பு வந்தாலும் கைவிடக் கூடாது, நட்டம் வந்தால் ரஹ்மான் பாயோடு பாதிக்குப் பாதி. அரை மணி நேரம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். உளுந்துக்கு என்ன வரப்போகிறது என்று நான் உன்னிடம் கேட்க மாட்டேன், நீ சொல்லவும் வேண்டாம். ரஹ்மான் பாய் என் பேரைச் சொல்லிக்கொண்டு உன் அலுவலக வாசலுக்கு வர மாட்டார், அவரே சொன்னார். மில்லுக்கு ஈடு வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வியாபாரம் இல்லாவிட்டாலும், அவர் போன் செய்தால் நானே எடுக்க வேண்டும். எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா